டான்ஸுக்கு மட்டும் வந்தவள்

மைசூரில் சந்துருவைத் தெரியாத ஷாமியானாக் கடைக்காரர் கிடையாது. மைக் செட்டுக்காரர், பூக்காரர், சாப்பாட்டு கான்ட்ராக்டர் எல்லோருக்கும் அவர் 'சந்துரு ஸார்'. அவர் வேலை பார்க்கும் பல்கலைக்கழகத்தின் பெயர் நமக்கு வேண்டாம். அங்கே ஆப்பிரிக்கவியல் மையம் என்று ஒன்று இருக்கிறது. அதில் அவர் அலுவலகக் கண்காணிப்பாளர். பேராசிரியர்கள் வருவார்கள், மாற்றலாகிப் போவார்கள். சந்துரு மட்டும் அங்கேயே இருப்பார். மேடை போடுவது, குத்துவிளக்கில் எண்ணெய் ஊற்றுவது, முக்கிய விருந்தினர் காரை விட்டு இறங்கும்போது மைசூர்ப் பேட்டா என்கிற தலைப்பாகையும் சால்வையும் சந்தன மாலையும் தட்டில் தயாராக இருக்கும்படி பார்த்துக்கொள்வது எல்லாம் அவர் பொறுப்பு. தன் கையில் ஒரு விழாவும் கெட்டதில்லை என்று மார்தட்டிக்கொள்வார். அந்தப் பெருமைதான் அவரைக் குப்புறத் தள்ளியது.

அவருடைய அப்பா செல்லக்கண்ணு, கர்நாடகத்திலேயே இருக்கும் ஹனூர்ப் பக்கத்துக் கொத்தனார். கட்டட வேலைக்காக மைசூருக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர். வீட்டில் பேசுவது தமிழ் என்பதைத் தவிர அந்தக் குடும்பத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. மாநில எல்லையில் இருக்கும் பாலாற்றுச் செக்போஸ்டைத் தாண்டிப் போனால் தங்குவதற்கு ஒரு சொந்தக்காரர் வீடு இல்லை. ஆனாலும் அலுவலகத்தில் புதிதாக யார் வந்தாலும், "நிம்ம ஊரு யாவுது?" என்பார்கள். ஹனூர் என்பார் சந்துரு. அது சரி, ஒரிஜினல் ஊர் எது என்பார்கள். காவேரித் தண்ணீர்ச் சண்டை வந்தால் போதும், கூட உட்கார்ந்து டீ குடிக்கிறவரே, "உங்க ஆளுங்க இப்படிப் பண்றாங்களே" என்று சிரித்துக்கொண்டே கேட்பார். சந்துருவும் சிரித்து வைப்பார். அன்றைக்கு வீட்டில் ரசத்தில் உப்பு இல்லை என்று மனைவி உமாதேவி மேல் எரிந்து விழுவார். இனி சொல்லப்போவதை இந்த வலி தெரியாதவர் செய்திருந்தால் நான் இதை எழுதியே இருக்கமாட்டேன்.

கங்கா ராமா ஸித்தி என்ற பெண் எம்.ஏ. படிக்க வந்த அன்று கேட்டில் நின்ற வாட்ச்மேன் அவளிடம் பாஸ்போர்ட் கேட்டான். ஸித்திகள் எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்டவர்களின் வழி வந்தவர்கள். எல்லாப்பூர்ப் பக்கம் காட்டுக்குள் அவர்களுக்கு ஊர்கள் உண்டு. கங்காவின் ஊர் அதில் ஒன்று. அவளுக்குச் சுருட்டை முடி, கறுத்த நிறம். வாயைத் திறந்தால் வடகன்னட மாவட்டத்துச் சுத்தமான கன்னடம். அந்த வழியாக வந்த சந்துரு வாட்ச்மேனைப் பிடித்து உலுக்கி எடுத்துவிட்டார். இவள் நம் மாநிலத்துப் பெண், உன்னைவிட நல்ல கன்னடம் பேசுகிறாள், பாஸ்போர்ட்டா கேட்கிறாய் என்று கத்தினார். ஹாஸ்டலில் இடம் வாங்கிக் கொடுத்தது, உதவித்தொகைக்கு அலைந்தது எல்லாம் பிறகு. அன்று முதல் கங்காவுக்கு அவர் 'அண்ணா'. இருவரும் பேசிக்கொள்வது கன்னடத்தில்தான். இங்கே அதை நம் பேச்சில் எழுதுகிறேன்.

வருஷா வருஷம் மே மாதக் கடைசியில் மையத்தில் ஆப்பிரிக்க தினம் கொண்டாடுவார்கள். இந்தத் தடவை தான்சானியாவிலிருந்து நீமா என்ற பேராசிரியையும் அவருடன் இன்னொருவரும் வருவதாக இருந்தது. காலையில் மாடி அரங்கில் மாணவர்கள் கட்டுரை படிக்க வேண்டும். அதைக் கேட்டுவிட்டு, பெங்களூர் மாணவர்களையும் சேர்த்துப் பார்த்து, சில வாரம் கழித்து அவர்கள் ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். தேறியவருக்கு அவர்கள் பல்கலைக்கழகத்தில் உதவித்தொகையோடு ஆராய்ச்சி இடம். கங்கா அந்த வருஷம் முழுவதும் அதற்காகவே உழைத்தாள். தன் ஊரில் முன்னோருக்குச் செய்யும் பூசையை அந்தக் கடற்கரை ஊர்களின் வழக்கத்தோடு ஒப்பிட்டு எழுதியிருந்தாள். மையத்தின் இயக்குநர் ஸரஸா மேடம் அதைப் படித்துவிட்டு, இந்த இடம் கங்காவுக்கென்றே வந்தது மாதிரி இருக்கிறது என்று எல்லோர் முன்னாலும் சொன்னார்.

இனி கீழே, மேடைப் பக்கம் வருவோம். மைசூரில் மருந்தியலும் கம்ப்யூட்டரும் படிக்கும் ஆப்பிரிக்க மாணவர்கள்தான் ஒவ்வொரு ஆண்டும் அந்த மேடையில் ஆடுவார்கள். இந்த முறை அவர்கள் முதல் நாளே சந்துருவின் மேஜைக்கு வந்து, பணிவாக, ஆடமாட்டோம் என்றார்கள். வருவோம், உட்காருவோம், கேட்போம். ஆனால் ஆட்டத்துக்கு மட்டும்தான் எங்கள் நினைவு உங்களுக்கு வருகிறது, இந்த ஆண்டு யாராவது எங்களைப் பேசச் சொல்லுங்கள் என்றார்கள். நியாயமான பேச்சு. சந்துருவுக்கு அது தலைக்கனமாகப் பட்டது. சாயங்காலம்தானே கலை நிகழ்ச்சி, அதற்குள் யாரையாவது பிடித்துவிடலாம் என்று இருந்துவிட்டார்.

விடிந்ததும் துணைவேந்தர் அலுவலகத்திலிருந்து போன். சாயங்காலம் அவர் பெங்களூர் போகவேண்டும், அதனால் முற்பகலிலேயே வந்துவிடுவார். மேடை விழாவை அப்போதே வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். துணைவேந்தர் நுழையும்போது மேடை காலியாக இருக்கக்கூடாது. கொட்டு முழங்கவேண்டும், யாராவது ஆடிக்கொண்டிருக்கவேண்டும். இது எந்தச் சட்டத்திலும் இல்லை. ஆனால் சந்துருவைப் போன்றவர்களுக்கு அதுதான் சட்டம். ஆட ஆள் யாரும் கிடைக்காமல், கட்டுரை வாசிப்பு தொடங்கிய பிறகு அவர் மாடிப்படியில் ஓடினார். பாதிப் படியில் கங்கா கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு, உதடு அசையப் படித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முறை வர இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது.

"ஒரு பத்து நிமிஷம் ஆடிட்டு மேல போயிடும்மா. உன் முறையை சாப்பாட்டுக்கு அப்புறம் வைக்கச் சொல்றேன். நான் பார்த்துக்கறேன்," என்றார்.

அவள் கட்டுரையை மூடினாள். கல்யாணத்திலும் ஹோலியிலும் ஊர்ப் பெண்கள் சேர்ந்து ஆடுவதுதான் எங்கள் ஆட்டம், ஒற்றையாக மேடையில் ஆடியதில்லை என்றாள். மெல்லத்தான் சொன்னாள். இவர் கேட்டு அவள் எதையும் மறுத்ததில்லை. வாங்கிய உதவி அவள் வாயைக் கட்டியது. கட்டுரையை அவரிடமே கொடுத்துவிட்டுக் கீழே வந்தாள். மேடைக்குப் பின்னால் சந்துரு, வளைவில் கட்டியது போக மிஞ்சிக் கிடந்த நெட்டிலிங்க இலைகளை அள்ளி, இதை இடுப்பில் கட்டிக்கொண்டால் பார்க்க எடுப்பாக இருக்கும் என்றார். நாங்கள் சேலை கட்டித்தான் ஆடுவோம் அண்ணா என்றாள். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் இலையைக் கட்டிவிட்டார். சந்தன மாலை கொண்டுவரும் வண்டி இன்னும் வரவில்லை என்ற கவலை அவருக்கு. மாடிக்குப் போய் முறையை மாற்றச் சொல்லவேண்டும் என்பதும் அந்த வண்டியோடு சேர்ந்து மறந்துபோனது.

கங்கா நன்றாகவே ஆடினாள். கூட்டம் கை தட்டியது. மாடியில் கங்காவின் பெயரைக் கூப்பிட்டு, ஆள் இல்லை என்று விட்டுவிட்டு, மற்றக் கட்டுரைகள் முடிந்து விருந்தினர்களையும் கீழே அழைத்து வந்துவிட்டார்கள். துணைவேந்தர் மேடை ஏறி வரிசையாக ஒவ்வொருவருக்கும் சால்வை போட்டார். நீமாவுக்குப் போட்டார். அவருடன் வந்தவருக்குப் போட்டார். அடுத்து நின்ற கங்காவுக்கும் போட்டு, கையைக் குலுக்கி, முகமெல்லாம் சிரிப்பாக, "வெல்கம் டு இந்தியா" என்றார்.

தட்டைப் பிடித்துக்கொண்டு சந்துரு பக்கத்தில்தான் நின்றார். கங்கா அவரைப் பார்த்தாள். ஸார், இவங்க எல்லாப்பூர் என்று இரண்டு வார்த்தை போதும். துணைவேந்தரும் அட அப்படியா என்று சிரித்திருப்பார், அத்தோடு முடிந்திருக்கும். சந்துரு தட்டை அடுத்த ஆளை நோக்கி நகர்த்தினார்.

அதைக்கூட மன்னித்துவிடலாம். பிறகு நடந்தது வேறு. மேடையிலிருந்து இறங்கிய நீமா சந்துருவிடம் வந்து, அந்தப் பெண் அழகாக ஆடினாள், இங்கே படிக்கிறவளா என்று ஆங்கிலத்தில் கேட்டார். துணைவேந்தர் கைக்கெட்டும் தூரத்தில் நின்றார். ஆமாம் என்றால் அடுத்த கேள்வி, அப்படியானால் ஏன் மாடியில் கட்டுரை படிக்கவில்லை என்பதுதான். இழுத்துக்கொண்டு வந்து ஆடவைத்தவர் யார் என்பதும் வெளியே வரும். இத்தனையும் சந்துருவின் மண்டைக்குள் ஒரு நொடியில் ஓடியது. கங்காவின் கட்டுரை அப்போதும் அவர் கக்கத்தில்தான் இருந்தது.

"நோ மேடம். ஆர்ட்டிஸ்ட். காட்டுல ஒரு கிராமம். டான்ஸுக்கு மட்டும் வந்தவங்க," என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார்.

சாப்பாடு முடிந்ததும் விருந்தினர்கள் ஸ்ரீரங்கப்பட்டணம் பார்க்கப் புறப்பட்டுவிட்டார்கள். கார் ஏற்பாடும் சந்துருதான். மாடியில் காலி அரங்கில் கங்கா உடை மாற்றி, முகம் கழுவி, முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். இவர் போய், அவர்களுக்கு நேரமில்லையாம், எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன் என்று கட்டுரையை நீட்டினார். பரவாயில்லை அண்ணா, நீங்கள் என்ன செய்வீர்கள் என்றாள் அவள். கங்கா ஏன் படிக்கவில்லை என்று ஸரஸா மேடம் கேட்டபோதும் அதே நேரமின்மைக் கதையைத்தான் சொன்னார். விழா அமோகமாக நடந்தது என்று எல்லோரும் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள்.

அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. கங்கா உட்காரும் வாசிப்பறையில் மின்விசிறி கிறீச்சிட்டால் அன்றே ஆள் அனுப்பினார். நூலகத்தில் அவளுக்குப் புத்தகங்களை நீட்டித்துக் கொடுக்கச் சொல்லிச் சண்டை போட்டார். அவள் ஒவ்வொன்றுக்கும் நன்றி சொன்னாள். அவள் நன்றி சொல்லும்போதெல்லாம் இவருக்கு உடம்பு கூசியது. மனசாட்சிக்குக் கொடுக்கும் லஞ்சத்துக்கு ரசீது வேறு எதற்கு என்று ஓடி ஒளிந்துகொள்வார்.

முடிவு வர இன்னும் சில வாரம் இருந்தது. ஒரு நாள் கங்காவே தயங்கித் தயங்கி மேஜைக்கு வந்தாள். வீடியோவில் கட்டுரை படித்தால் அவர்கள் கேட்பார்களா, ஸரஸா மேடம் ஊரில் இல்லை, நீங்கள் கேட்டுப் பார்க்கிறீர்களா அண்ணா என்றாள். விருந்தினர்களுக்கு எழுதுவது எல்லாம் சந்துருவின் அலுவலகம் வழியாகத்தான். ஒரு வரி எழுதினால் போதும். ஆனால் என்னவென்று எழுதுவது? டான்ஸுக்கு மட்டும் வந்தவள் என்று நான் சொன்னேனே, அவள் எங்கள் மாணவி என்றா? கேட்கிறேன்மா என்றார். கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்து அவளைக் கூப்பிட்டு, கேட்டேன், அவர்கள் முறையில் அதற்கு இடமில்லையாம் என்றார். முதல் பொய் பதற்றத்தில் வந்தது என்றாவது சொல்லலாம். இதற்கு அவர் இரண்டு நாள் யோசித்திருந்தார்.

அந்த வாரமே கங்கா ஊரிலிருந்து ஒரு பாட்டில் தேன் கொண்டுவந்து வைத்தாள். தன் மகளுக்காக இவ்வளவு அலைகிறாரே என்று அவள் அம்மா கொடுத்தனுப்பியதாம். சந்துரு அதை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமையலறை மேடையில் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். உமாதேவி ஒரு சேலைக்கடையில் வேலை பார்க்கிறவர். நாள் முழுக்க வாடிக்கையாளர் முகத்தைப் படித்துப் பழகியவரிடம் எத்தனை நாள் மறைப்பது? கேட்டதும் கொட்டிவிட்டார். உமாதேவி திட்டுவார் என்று எதிர்பார்த்தார். அவர் திட்டவில்லை.

"அந்தப் பொண்ணுகிட்ட பாஸ்போர்ட் கேட்டான்னு வாட்ச்மேனைத் திட்டிட்டு வந்து பெருமையா சொன்னீங்களே. அவன் பரவால்ல. கேட்டதோட விட்டான்," என்றார் உமாதேவி. கொஞ்சம் பொறுத்து, "நாளைக்கே போய் மேடம்கிட்ட சொல்லுங்க. இன்னும் டைம் இருக்குல்ல?" என்றார்.

டைம் இருந்தது. மறுநாள் ஸரஸா மேடம் வந்திருந்தார். சந்துரு அவர் அறை வாசல் வரை போனார். மேலுகோட்டை ஐயங்கார்க் குடும்பத்தில் பிறந்த அந்த அம்மாள் சந்துருவோடு தமிழில்தான் பேசுவார், அதில் ஒரு வாஞ்சை இருக்கும். வாங்கோ சந்துரு, விழா நடத்திக் கொடுத்ததற்கு உங்களுக்குப் பாராட்டுக் கடிதம் வரப்போறது என்றார். சந்துரு தொண்டையைச் செருமினார். ஜெனரேட்டர் வாடகை பில்லில் ஒரு கையெழுத்து வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். கோழை என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார். திட்டு ஓயவில்லை, ஆனால் கால் திரும்ப அந்த அறைக்குப் போகவில்லை.

ஜூன் மாதக் கடைசியில் முடிவு வந்தது. ஸுமந்த் என்ற பையனுக்கு இடம் கிடைத்தது. நல்ல பையன், அவன்மேல் குற்றமில்லை. கங்கா அவன் கையைக் குலுக்கி வாழ்த்தினாள். பிறகு சந்துருவிடம் வந்து, நீங்கள் வருத்தப்படாதீர்கள் அண்ணா என்று ஆறுதல் சொன்னாள். அன்று சந்துரு கழிப்பறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டு அழுதார். அழுகையால் என்ன பிரயோசனம், சொல்லுங்கள்.

ஜூலையில் ஸுமந்தின் பயண ஏற்பாடு பற்றி நீமாவோடு ஒரு வீடியோ சந்திப்பு. ஸரஸா மேடத்தின் அறையில் பெரிய திரை. சந்துருதான் இணைப்புக் கொடுத்தார். மேடம் நல்ல மனசோடு, கட்டுரை தயாரித்த எல்லா மாணவர்களும் வந்து உட்காருங்கள், விவரம் தெரிந்துகொண்டால் அடுத்த முறைக்கு உதவும் என்று கூப்பிட்டிருந்தார். கங்கா ஸுமந்துக்குப் பின்னால் உட்கார்ந்தாள்.

விசா, விடுதி என்று பேச்சு ஓடியது. நடுவில் நீமா திரைக்கு அருகே குனிந்து பார்த்தார். முகம் மலர்ந்தது. அதோ அந்த ஆட்டக்காரப் பெண், இப்போது உங்கள் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாளா என்றார். அவளை நான் மறக்கவே இல்லை. செப்டம்பரில் எங்கள் பல்கலைக்கழகத்தில் கலைவிழா நடக்கிறது, அவளை ஆட அனுப்ப முடியுமா, பயணச் செலவு எங்களுடையது என்றார். ஸரஸா மேடத்துக்கு ஒன்றும் புரியவில்லை. இவள் எங்கள் எம்.ஏ. மாணவி கங்கா, உங்களிடம் கட்டுரை படித்திருக்கவேண்டியவள் என்றார். நீமா திகைத்துப் போனார். மாணவியா? டான்ஸுக்கு மட்டும் வந்தவள் என்றல்லவா மிஸ்டர் சந்துரு சொன்னார்? தெரிந்திருந்தால் வீடியோவில் கேட்டிருப்போமே, பெங்களூரிலிருந்து இரண்டு பேரை அப்படித்தானே கேட்டோம் என்றார்.

அறையில் இருந்த எல்லோரும் திரும்பினார்கள். கங்காவும் திரும்பினாள். சந்துரு மவுஸைப் பிடித்த கையோடு நின்றார். இனி ஒளிய இடமில்லை. இருந்திருந்தால் அப்போதும் ஒளிந்திருப்பாரோ என்னவோ, அது அவருக்கே தெரியாது. "ஐ டோல்ட் லை மேடம்," என்றார். தமிழிலும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலுமாக எல்லாவற்றையும் சொன்னார். இலை கட்டிவிட்டது வரை சொன்னார். நீமா கங்காவிடம் மன்னிப்புக் கேட்டார். இந்த முறை இடம் போய்விட்டது, அடுத்தது எப்போது வரும் என்று சொல்வதற்கில்லை, கட்டுரையை மட்டும் எனக்கு அனுப்பு என்றார். கங்கா எழுந்து நின்று நன்றி சொன்னாள். ஆட வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

எல்லோரும் கலைந்த பிறகு வராந்தாவில் அவள் அவருக்காக நின்றிருந்தாள். கண்ணில் தண்ணீர் இல்லை. அடித்தால்கூடத் தேவலை என்றிருந்தது சந்துருவுக்கு.

"வெல்கம் டு இந்தியான்னாங்களே, அப்ப நான் பேசாம நின்னதுக்கு ஒரே காரணம், நீங்க பக்கத்துல இருந்தீங்க. நீங்க சொல்லுவீங்கன்னு நெனச்சேன்," என்றாள்.

சந்துரு தலையைக் குனிந்துகொண்டார்.

"வீடியோவுக்கு இடமில்லையாம்னு நீங்க சொன்ன அன்னைக்கு அம்மாவுக்குப் போன் பண்ணினேன். கிடைக்காட்டியும் பரவால்லம்மா, இங்க எனக்காகப் பேசறதுக்கு ஒரு ஆள் இருக்காருன்னு சொன்னேன். அம்மா அதை ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டாங்க. இப்ப அவங்ககிட்ட நான் என்னன்னு சொல்லட்டும்?"

உண்மையைச் சொல்லிவிடு என்றார் சந்துரு. செய்தது நான், திட்டு என்னைத்தான் சேரவேண்டும் என்றார்.

"நான் எதுக்கு சொல்லணும்?" என்றாள் கங்கா. கைப்பையிலிருந்து போனை எடுத்து எண்ணைத் தட்டி அவரிடம் நீட்டினாள். அவர் வாங்குவதற்குள்ளேயே அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள். அம்மா, சந்துரு அண்ணா பேசறாங்க என்று மட்டும் கங்கா சொன்னாள். உடனே ஒரு பெண்ணின் குரல் உற்சாகமாகக் கொட்டத் தொடங்கியது. நல்லா இருக்கீங்களா, பிள்ளைகள் எப்படி, தேன் பிடித்திருந்ததா, எங்க பொண்ணுக்கு அந்த ஊர்ல உங்களை விட்டால் யார் இருக்கிறார்கள், உங்கள் குடும்பம் நன்றாக இருக்கவேண்டும் என்று மூச்சு விடாமல் வாழ்த்தியது. சந்துரு போனைக் காதில் வைத்துக்கொண்டு சுவரோடு சாய்ந்து நின்றார். அந்த அம்மாள் மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில்தான் அவரால் வாயைத் திறக்க முடிந்தது.

"வாழ்த்தாதீங்கம்மா," என்றார். "முதல்ல நான் செஞ்சதைக் கேளுங்க."

கங்கா நகரவில்லை. ஒன்றும் விடாமல் சொல்கிறாரா என்று கேட்டுக்கொண்டு அங்கேயே நின்றாள்.